வாற்கோதுமை வீடு

கேப்பை இன்று காலையில்தான் முளை காட்டியிருக்கிறது. வெள்ளை வேட்டியில் பரப்பிப் போட்ட ஈரத் தானியத்துக்குள் விரல்களை விட்டுக் கிளறுகிறேன். மணிக்கு மணி ஒரு வெள்ளை முனை, ஊசி குத்தின அளவுக்கு. நம் ஊரில் ஊறவைத்துத் துணியில் முடிந்து அடுப்படி ஆணியில் தொங்கவிட்டால் மறுநாளே வேலை முடிந்துவிடும். இங்கே இங்கிலாந்தில், மே மாதத்திலும் சால்வை கேட்கிற இந்தக் கிராமத்தில், நாட்கணக்காகக் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. முடிச்சாகக் கட்டினால் நடுவில் சூடேறி ஊசிப்போகிறது, ஓரத்தில் குளிர்ந்து கிடக்கிறது. அதனால் தரையிலேயே பரப்பிவிட்டேன். அடிக்கடி கிளற வேண்டும், இல்லையென்றால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாய் மாதிரி ஆகிவிடும். கிளற முதுகு வளைய வேண்டும். இந்த அறையில் அதற்குத் தனியாக மெனக்கெட வேண்டாம், கூரையே வளைத்துவிடுகிறது. நீளமான அறை, ஒரு முனையில் நின்று கூப்பிட்டால் மறுமுனைக்குக் கேட்காது. கையைத் தூக்கினால் உத்தரம் இடிக்கிறது. சன்னல்கள் தபால்பெட்டி வாய் அளவுக்கு. பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் நான், விதை முளைத்தல் பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்: தண்ணீர் வேண்டும், காற்று வேண்டும், அளவான சூடு வேண்டும், வெளிச்சம் கட்டாயமில்லை. இந்த வீட்டைக் கட்டினவனும் அதே பாடத்தைப் படித்திருக்கிறான். ஆனால் என் மகன் ஆல்வினிடம் கேட்டால், "பழைய களஞ்சியம்மா, களவு போயிரக் கூடாதுன்னு சன்னல சின்னதா வச்சிருக்கான்" என்பான். நானும் "அப்படியா ல" என்பேன். தானியத்தைச் சேர்த்துவைக்கிறவன் எவனாவது ஓர் ஓரத்தில் அதை ஊறப்போடத் தொட்டி கட்டுவானா, மறு ஓரத்தில் சூளை கட்டுவானா என்று கேட்பதில்லை. அந்தத் தொட்டிதான் இப்போது குளியலறை. அந்தச் சூளைதான் சமையலறை. அதன் கூம்புக் கூரை உச்சியில் காற்றுக்குத் திரும்புகிற வெள்ளைத் தொப்பி ஒன்று இன்னும் இருக்கிறது, இவர்கள் அதைக் கழற்றக் கூடாதாம், பழைய கட்டடங்களைக் காக்கிற அரசாங்கச் சட்டமாம். என் மகன் வாங்கியிருப்பது பீருக்கு மால்ட் செய்த இடம். வாற்கோதுமையை ஊறவைத்து, தரையில் பரப்பி முளைக்கவிட்டு, சர்க்கரை ஊறுகிற நேரம் பார்த்துச் சூளையில் போட்டு முளையைக் கொன்று, மூட்டை கட்டி மதுபானம் காய்ச்சுகிறவனுக்கு அனுப்பின இடம். நான் வந்த வாரத்திலேயே எனக்கு இது தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

சொன்னவர் பக்கத்து வீட்டு வால்டர். வேலிக்கு அந்தப் பக்கம் பூச்செடி நட்டுக்கொண்டிருந்த மனிதர், ரொம்பச் சந்தோஷமாக, ஏதோ நல்ல செய்தி சொல்கிற மாதிரிதான் சொன்னார். அவருடைய அப்பா இங்கே மரச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வாற்கோதுமையைக் கிளறுவாராம். நான் நன்றி சொல்லிவிட்டு உள்ளே வந்து பாத்திரம் கழுவினேன். கோபம் வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். வரவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தேன், தண்ணீர் வடிந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். ஆல்வின் போன வருஷம் போனில் சொன்னபோது நான் திருச்செந்தூர்ப் பக்கம் நாசரேத்துக்கு அருகே எங்கள் ஊரில் மாலை ஜெபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "ம்மா, வீடு வாங்கிட்டேன். பழைய காலத்துல வாற்கோதும போட்டு வச்ச களஞ்சியம்." வாற்கோதுமை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதம் வாசிக்கும்போது மட்டும் காதில் விழுகிற சொல் அது. மளிகைக் கடையில் யாரும் அப்படிக் கேட்டு வாங்குவதில்லை. அந்தச் சொல்லைப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறான், பயல். நானும் அன்றைக்கு ஜெபத்தில் வைத்துப் பெருமையாகச் சொன்னேன், பெண்கள் சங்கமே ஸ்தோத்திரம் சொன்னது. அந்தச் சங்கத்துக்குச் செயலாளர் யார்? நான்தான். ஊர் முக்கில் மதுக்கடை திறந்தபோது பாட்டுப் புத்தகத்தோடு போய் வெயிலில் உட்கார்ந்தவள், வீடு வீடாய்ப் போய் ஆண்பிள்ளைகளிடம் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினவள், நற்கருணைக்குக்கூடக் கடைத் திராட்சரசம் கூடாது, உலர்ந்த திராட்சையை நாங்களே வேகவைத்துப் பிழிந்து தருவோம் என்று ஐயரிடம் வாதாடி ஜெயித்தவள். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அப்படிப்பட்ட அம்மாவிடம் பீர் வீடு வாங்கினேன் என்று எந்த மகன் சொல்வான்? பயந்திருப்பான். அதுவரைக்கும் எனக்குப் புரிகிறது. அதற்குமேல்தான் புரியவில்லை. இந்தத் தரையில் எவனோ கிளறின வாற்கோதுமைக்கும் எனக்கும் என்ன? செங்கல் குடிக்குமா? எனக்குச் செங்கல் மேல் ஒரு வருத்தமும் இல்லை.

கீழே மருமகள் பியூலா ஏதோ தாளிக்கிறாள். கடுகு வெடிக்கிற சத்தம், பின்னாலேயே இருமல். ஆறு மாதம் அவளுக்கு. வாந்தி நின்றுவிட்டது, இப்போது பசி. இந்தக் கேப்பைக் கஞ்சி மாவு அவள் கேட்டதுதான். "அத்தை, எங்க அம்மா இருந்தா செஞ்சி தருவாவ" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே வெட்கப்பட்டாள். அம்மா இல்லாத பெண். இவளுக்காக நான் இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் கேட்கிறார்கள், வாயால் ஒரு தரம், கண்ணால் நூறு தரம். "பிள்ள பிறக்க வரைக்கும் இருங்க ம்மா, விசாவுக்கெல்லாம் நாள் கிடக்கு." பார்ப்போம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை திரும்பிப் போகிற டிக்கெட் கையில் இருக்கிறது. இன்றைக்குச் சனி. இன்றைக்கு வீட்டுப் பிரதிஷ்டை. லண்டனிலிருந்து ஐயர் வருகிறார், கூட இரண்டு குடும்பம். குடிவந்து மாதங்கள் ஆனபிறகும், என் கையால் கதவு திறந்துதான் பிரதிஷ்டை செய்ய வேண்டும் என்று தள்ளிப் போட்டிருந்தார்கள். வாசலில் நீல ரிப்பன் கட்டியாகிவிட்டது. நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், யாரிடமும் சொல்லாமல். ஐயர் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பிப்பதற்குள் ஆல்வின் தன் வாயால் இந்த வீடு என்ன வீடு என்று என்னிடம் சொல்லிவிட்டால், இருப்பேன். பிள்ளை பிறந்து, முகம் பார்த்துச் சிரிக்கிற வரைக்கும் இருப்பேன். சொல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை போய்விடுவேன். ஏன் போகிறேன் என்றும் சொல்ல மாட்டேன், முழங்கால் வலி என்பேன். பூசி மெழுகுகிற வீட்டில் இன்னொரு தரம் என்னால் குடியிருக்க முடியாது. ஒரு தரம் இருந்தாயிற்று. அது போதும்.

ஒரு தரம் என்றால் ஒரு ஆயுசு. என் வீட்டுக்காரர், அவிய பெயர் தேவாசீர்வாதம். கணக்கு வாத்தியார், சபைக் கமிட்டி மெம்பர், கிறிஸ்துமஸ் பஜனையில் முன்னால் போகிற குரல் அவியளுடையதுதான். சனிக்கிழமை சாயங்காலம் திருச்செந்தூரில் கூட்டம் இருக்கிறது என்று சைக்கிளில் போவாவ. திரும்பி வரும்போது வாயில் கிராம்பு. வாசல்படி ஏறும்போதே கிராம்பு வாசம் வந்துவிடும், அதற்கு அடியில் இன்னொன்று, புளித்த இனிப்பாக, ஈரச் சாக்கு மாதிரி. நான் சட்டையை வாங்கி மடக்குகிற சாக்கில் மூக்கருகே கொண்டுபோவேன். அவியளுக்குத் தெரியும் நான் மோந்து பார்க்கிறேன் என்று. எனக்குத் தெரியும் அவியளுக்குத் தெரியும் என்று. யாரும் மூச்சு விடவில்லை. சண்டை இல்லை, அடி இல்லை, அப்படி ஏதாவது நடந்திருந்தால் ஒருவேளை பேசியிருப்போம். ரசம் பரிமாறுவேன், "உப்பு கம்மி" என்பாவ, கூட்டம் எப்படி என்று கேட்பேன், "நல்லா நடந்துது" என்பாவ. ஞாயிறு காலையில் எழுந்திருக்க முடியாத நாட்களில் கோயில் வாசலில் ஐயர் கேட்பார், "சார் வரலையா?" "அவியளுக்குத் தலைவலி ஐயரே." எவ்வளவு சுலபமாக வரும் அந்தச் சொல். பிசிறில்லாமல், முகத்தில் ஒரு சின்னக் கவலையோடு. ஐயர் வீட்டுக்கு வந்து தலைவலிக்காகவே ஜெபித்துவிட்டுப் போயிருக்கிறார். அவிய கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னாவ, நானும் சொன்னேன். ஆல்வினுக்கு இதெல்லாம் தெரியக் கூடாது என்றுதான் எட்டாம் வகுப்பிலேயே பாளையங்கோட்டை விடுதியில் கொண்டுபோய் விட்டேன். படிப்புக்கு நல்லது என்று எல்லோரிடமும் சொன்னேன். படிப்புக்கும் நல்லதாகத்தான் ஆயிற்று. கல்லீரல் போய் அவிய இறந்தபோது மஞ்சள் காமாலை என்று சொன்னோம், மஞ்சள் காமாலையும்தான் இருந்தது. இன்றுவரை நான் பிரியாணிக்குக் கிராம்பு போடுவதில்லை. பியூலா கேட்டதற்குப் பல்லில் மாட்டும் என்றேன்.

மூக்கு மட்டும் இன்னும் பழக்கத்தை விடவில்லை. அவிய போய் இத்தனை வருஷம் ஆகியும் யார் கிட்டே வந்தாலும் அது தானாக வேலையைத் தொடங்கிவிடுகிறது. பஸ்ஸில், கோயிலில், கல்யாண வீட்டில். விமான நிலையத்தில் ஆல்வின் ஓடிவந்து கட்டிப்பிடித்தபோதும் அவன் கழுத்தில் முகத்தை வைத்து ஒரு இழுப்பு. சோப்பு, கம்பளி, அவ்வளவுதான். உடம்பு லேசாகிவிட்டது. காரில் வரும்போது அவன் அதிகம் பேசவில்லை, தூக்கக் கலக்கம் போல என்று நினைத்தேன். முதல் இரண்டு நாளும் எதையோ மென்று முழுங்கிக்கொண்டு திரிந்தான், "ம்மா, ஒரு விஷயம்" என்பான், நான் நிமிர்ந்தால் "ரூம் குளிருதா?" என்பான். வால்டர் சொன்னபிறகுதான் அது எந்த விஷயம் என்று எனக்குத் துலங்கியது. அதற்குப் பிறகு அவன் அதையும் விட்டுவிட்டான், நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம், சிரிக்கிறோம், "உப்பு கம்மி" என்கிறான், நான் உப்புக் கிண்ணத்தை நகர்த்துகிறேன். இந்த வீட்டில் ஒரு வாசனை இருக்கிறது. குழாய்களில் சூட்டைக் கூட்டினால் சமையலறைச் சுவரிலிருந்து மெல்ல வருகிறது, வறுத்த மாவு மாதிரி, நன்றாகத்தான் இருக்கிறது, பசி எடுக்கிறது. முதல் நாள் அதைப் பிடித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இப்போது பழகிவிட்டது. நல்ல வாசனைக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கட்டும். என் பயம் வாசனையைப் பற்றியது இல்லை. ஒரு நாள் பியூலாவும் இவன் சட்டையை மடக்குகிற சாக்கில் மூக்கருகே கொண்டுபோவாளோ என்றுதான் பயம். இவன் குடிக்காவிட்டாலும்கூட. மறைக்கிறவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் எதையாவது மோந்து பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும், பாட்டில் இல்லையென்றால் போன், போன் இல்லையென்றால் வேறொன்று. அந்தப் பிள்ளைக்கு அது வேண்டாம். இந்தக் கேப்பையில் இரண்டு மணி கறுத்திருக்கிறது, பொறுக்கி எறிய வேண்டும், பக்கத்து மணியைப் பிடிப்பதற்குள்.

'ணங்' என்று ஒரு சத்தம். பிறகு "ஸ்ஸ்". ஆல்வின் படியேறி வருகிறான் என்று அர்த்தம். படி முடிகிற இடத்தில் இருக்கிற உத்தரத்தில் தினமும் தலையைக் கொடுக்கிறான், குனிந்து வர இன்னும் பழகவில்லை. அதைச் செதுக்கவும் சட்டம் விடாதாம். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வந்து வேட்டி ஓரத்தில் நிற்கிறான், அவிய நிற்கிற மாதிரியே, ஒரு காலில் பாரத்தைப் போட்டு. "ம்மா, ஐயர் பக்கத்துல வந்துட்டாவளாம். சேல மாத்தலையா?" "மாத்துதேன். முளச்சிருக்கு பாரு." குனிந்து பார்த்தான். முகத்தில் ஏதோ ஓடியது. அறை முழுக்க அடைத்துக் கிடந்திருக்க வேண்டிய தானியத்தை, இந்த ஒரு வேட்டி அளவில் பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? இப்போது சொல் ல. கேட்க ஆள் இல்லை, நானும் நீயும் இந்தத் தரையும்தான். நானே எடுத்துக் கொடுத்தேன், எப்போதும் மாணவிகளுக்குச் செய்கிற மாதிரி, விடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். "இந்தத் தரைய பாத்தியா ல, முளைகட்டதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு." அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். வாயைத் திறந்தான். கண் என் முகத்தில் எங்கேயோ, கண்ணுக்கும் வாய்க்கும் நடுவில், ஒரு நிமிஷம் நின்றது. பிறகு, "ஆமாம்மா, பழைய காலத்து ஓடுல்லா, குளிர்ச்சியா இருக்கும்" என்றான். போய்விட்டான். இறங்கும்போது குனிந்துவிட்டான். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, அதிலும் அந்தக் குனிதல்மேல். பெட்டியில் மேலாக எதை வைப்பது, ஸ்வெட்டரை வைப்பதா, பியூலா வாங்கித் தந்த காலணியை வைப்பதா என்று யோசித்துக்கொண்டே சேலை மாற்றினேன். பட்டு வேண்டாம் என்று நினைத்தேன், பிறகு பட்டே கட்டிக்கொண்டேன். வருகிறவர்கள் என்ன செய்தார்கள் பாவம்.

ஐயர் வேதமாணிக்கம் நல்ல தாட்டியான மனிதர், வெள்ளை அங்கியைக் காரிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எல்லோரும் வாசலில் நின்றோம். நான் ரிப்பனை வெட்டினேன், சாவியைத் திருப்பினேன், பேருக்குப் பூட்டினதுதான் என்றாலும் பெரிய சத்தத்தோடு திறந்தது. கை தட்டினார்கள். நம் வழக்கப்படி ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஜெபம்: கூடத்தில் விருந்தாளிகளுக்காக, படுக்கையறையில் தாம்பத்தியத்துக்காக, குளியலறையில் என்ன சொல்வது என்று தெரியாமல் சுத்தத்துக்காக. ஊறல் தொட்டிக்கு நல்ல ஜெபம்தான். வந்திருந்த பெண்களில் ஒருத்தி உத்தரத்தைப் பார்த்து "குகைக்குள்ள வந்த மாதிரி இருக்கு அக்கா" என்று என் காதில் சொன்னாள். கடைசியில் சமையலறை. சூளையின் வயிறு அது, நாலு சுவரும் மேலே போய் ஒன்றாகச் சேர்கிற உயரத்தில் ஒரு சின்ன வட்டம் வெளிச்சம். வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். ஐயர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "அம்சமா இருக்கே தம்பி. ஜெபத்துல சொல்லணும்லா, முன்னால இது என்ன கட்டடம்?" என்று கேட்டார். ஆல்வின் முகம் வெளுத்தது. நேரே கேட்டாகிவிட்டது, போதகர் கேட்கிறார், பிரதிஷ்டை நேரத்தில். பியூலா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் தெரியும் போல, பாவம். நான் காத்திருந்தேன். இதுதான், இதற்குத்தான் இத்தனை நாளும் காத்திருந்தேன், இப்போது சொல்லிவிடுவான், அல்லது பொய் சொல்வான், எதுவானாலும் எனக்குத் தெரிந்துவிடும். அவன் உதடு நடுங்கினது. அந்த நடுக்கத்தைத்தான் பார்த்தேன். அதற்குள் ஒரு குரல், பிசிறில்லாமல், "களஞ்சியம் ஐயரே. வாற்கோதும போட்டு வச்ச களஞ்சியம்" என்றது. என் குரல். தலைவலி ஐயரே என்று சொன்ன அதே குரல், அதே சின்னச் சிரிப்போடு. யோசிக்கவில்லை, முடிவெடுக்கவில்லை, கை சுட்டால் இழுத்துக்கொள்கிற மாதிரி வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆல்வின் என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது, எனக்கு எல்லாம் தெரியும் என்று. எனக்கும் புரிந்துவிட்டது, என்னைப் பற்றி.

"ஆகா, வாற்கோதுமையா" என்று ஐயர் பூரித்துப்போய்க் கண்ணை மூடினார். எல்லோரும் மூடினோம். நான் மூடினேன், ஆனால் இருட்டில் எதுவும் நிற்கவில்லை, கட்டிலும் கிராம்பும் ஆமெனும் சுற்றிச் சுற்றி வந்தன. "பரலோகப் பிதாவே, இந்தக் களஞ்சியத்துக்காக ஸ்தோத்திரம். இதில் சேர்த்துவைத்த தானியத்தினால் பசித்த ஏழைகளுக்கு அப்பம் தந்தீரே, ஸ்தோத்திரம். எத்தனையோ குடும்பங்களை இந்தக் களஞ்சியத்தினால் வாழவைத்தீரே," பின்னாலிருந்து யாரோ உருக்கமாக ஸ்தோத்திரம் என்றார்கள். தலைவலிக்கு ஜெபித்த ஐயரும் இப்படித்தான் உருகினார். அவருக்கு அது வேலை, மனசோடுதான் செய்தார், நாங்கள்தான் கடவுளுக்கு முன்னால் அவரைக் கோமாளி ஆக்கினோம். நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். நாக்கு எழும்பவில்லை. பொய்க்கு அத்தனை வேகமாக எழும்பின நாக்கு. "ஐயரே, நிப்பாட்டுங்க." ஜெபத்தின் நடுவில் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. கண்ணைத் திறந்தேன். ஆல்வின் கண்ணைத் திறந்துகொண்டு நடுவில் நின்றான், கை இரண்டும் தொங்க. "களஞ்சியம் இல்ல ஐயரே. இது பீருக்கு மால்ட் செஞ்ச இடம். இங்க நிக்கோம்லா, இது சூள. அம்மா எனக்காகச் சொல்லுதாவ. பொய்ய முதல்ல சொன்னது நான்." தட்டில் அடுக்கிவைத்த முறுக்கில் ஒன்று சரிந்து விழுந்தது. அவன் என் பக்கம் திரும்பினான். ஐயரை மறந்துவிட்டான், எல்லோரையும் மறந்துவிட்டான். "சொல்லணும்னுதாம்மா இருந்தேன். போன்ல சொல்லியிருக்கக் கூடாது, வந்ததும் நேர்ல சொல்லிரணும்னு ஏர்போர்ட் வரைக்கும் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். கட்டிப்பிடிச்சதும் மோந்து பாத்தீயளே ம்மா. அப்பாவ மோந்து பாக்க மாதிரியே. அதுக்குப் பொறவு எப்படிச் சொல்ல? பீருங்கிற வார்த்தைய உங்க மூஞ்சிக்கு முன்னால எப்படிச் சொல்ல?" அப்பாவ மோந்து பாக்க மாதிரி. அப்படியானால் தெரிந்திருக்கிறது. விடுதிக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது, எட்டாம் வகுப்புக்கு முன்னால், இத்தனை வருஷமும், மஞ்சள் காமாலை என்று நான் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டினானே, அப்போதும். நான் அவனுக்கு மறைத்தேன், நான் மறைக்கிறேன் என்பதை அவன் எனக்கு மறைத்தான். யாரிடம் கற்றுக்கொண்டான் என்று நான் கேட்க வேண்டியதில்லை.

ஐயர்தான் முதலில் அசைந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி தம்பி. அப்படின்னா மாத்தி ஜெபிக்கணும். நல்லவேள, ஆமென் சொல்லதுக்கு முன்னால சொன்ன" என்றார். ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயர் மறுபடி கண்ணை மூடி, கொஞ்சம் தடுமாறி, பீர் என்ற வார்த்தையைத் தெளிவாகவே சொல்லி, இந்தச் சூளையில் இனிமேல் நல்ல சாப்பாடு வேகட்டும், இந்த வீட்டில் யாரும் யாரிடத்திலும் பயப்படாமல் இருக்கட்டும் என்று முடித்தார். ஆமென் என்றேன். இந்தத் தடவை வாய் காய்ந்துபோய்ச் சத்தம் வரவில்லை. டீயும் கேசரியும் ஓடிக்கொண்டிருந்தபோது நான் மேலே வந்துவிட்டேன். எதற்கு என்று கேட்டால் கேப்பையைக் கிளற. பட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். வேர் அதற்குள் கொஞ்சம் நீண்டிருந்தது, அங்கங்கே இரண்டு மூன்று மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்தன, விரலால் பிரித்துவிட்டேன். மனசு நிறையக் கனத்தது, ஆனால் அது பயம் இல்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவியளை நினைத்துத் துக்கம் வந்தது, வெறும் துக்கம், அவியளாவது யாராவது ஒருவரிடம் சொல்லியிருக்கலாம், நானாவது கேட்டிருக்கலாம், "குடிச்சிருக்கீயளா" என்று ஒரே சொல்லில் கேட்டு முடிந்திருக்கும், முடியாமலும் போயிருக்கும், ஆனால் கேட்டிருக்கலாம். 'ணங்'. "ஸ்ஸ்." நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் தொப்பென்று உட்கார்ந்தான் ஆல்வின். நல்ல அடி, புடைத்துவிட்டது. கிட்டே இழுத்து உள்ளங்கையால் தேய்த்துவிட்டேன். அவன் தலை என் மூக்குக்கு நேரே இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவனும் அசையாமல் இருந்தான், எதற்கோ காத்திருக்கிற மாதிரி, பிறகு நான் மோந்து பார்க்கவில்லை என்று தெரிந்ததும் தோளைத் தளர்த்தினான். கொஞ்ச நேரம் கழித்து வேட்டியின் மறு ஓரத்தில் கையை விட்டு, தெரியாத்தனமாக, எல்லாவற்றையும் ஒரே பக்கமாகத் தள்ளிக் கிளற ஆரம்பித்தான். "மெதுவா ல, முள ஒடிஞ்சிரும்." சரி என்றான். "இது காஞ்சி மாவாக எத்தன நாள் ஆகும்மா?" என்று தலையைத் தூக்காமலே கேட்டான். சின்னச் சன்னலில் இந்த ஊர் வெயிலைப் பார்த்தேன். வெயில் என்று சொல்வதற்கே இல்லை. "செவ்வாக்கிழமைக்குள்ள ஆகாது" என்றேன்.